நாக்பூரில் முளைத்த புல்

ஐந்து நாள் ஆட்டம் – வரலாற்றுத் தொடர் – 23

சென்ற அத்தியாயத்தை 2001 மார்ச்சில் சேப்பாக்கத்தில் நிறுத்தியிருந்தோம். ஹர்பஜன் சிங் 15 விக்கெட் எடுத்துக் கொடுத்தும், 155 ரன் இலக்கைத் தொடுவதற்குள் இந்தியா எட்டு விக்கெட்டைப் பறிகொடுத்தது. வெற்றி ரன்னை எடுத்தவரும் ஹர்பஜன்தான். தொடர்ச்சியாக 16 டெஸ்ட்களை வென்றுவந்த ஸ்டீவ் வாவின் அணி, தொடரை 2-1 என்று இழந்து ஊர் திரும்பியது. இந்தியாவைத் தாங்கள் இன்னும் எட்டாத கடைசி எல்லை என்று சொல்லிவந்தவர் வாவ். 2004 ஜனவரியில் சிட்னியில், அதுவும் இந்தியாவுக்கு எதிராகவே, தன் கடைசி டெஸ்டை ஆடி முடித்தார். அப்போதும் அந்த எல்லை எட்டாமலேதான் இருந்தது.

1969-70இல் பில் லாரியின் அணி இங்கே 3-1 என்று வென்றதுதான் ஆஸ்திரேலியாவின் கடைசித் தொடர் வெற்றி. அதற்குப் பிறகு கிம் ஹியூஸ், ஆலன் பார்டர், மார்க் டெய்லர், ஸ்டீவ் வாவ் என்று நான்கு கேப்டன்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் கைகூடவில்லை. 2004 அக்டோபரில் அடுத்த அணி வந்து இறங்கியது. கேப்டன் ரிக்கி பாண்டிங்குக்குக் கட்டைவிரல் எலும்பு முறிந்திருந்ததால் முதல் மூன்று ஆட்டங்களுக்கு ஆடம் கில்கிறிஸ்ட் தலைமை ஏற்றார்.

பெங்களூர், சென்னை, நாக்பூர், மும்பை என நான்கு டெஸ்ட்கள். இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரே தொடர்தான். சொந்த மண்ணின் பலம் என்று நாம் பேசுவதற்குள் மண் மட்டும் இல்லை. வானிலை இருக்கிறது, பந்து இருக்கிறது, மைதானத்தின் சாவியைக் கையில் வைத்திருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். இவை அத்தனையும் எப்போதும் உள்ளூர் அணியின் பக்கமே நிற்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். 2004 அக்டோபர் 6 முதல் நவம்பர் 5 வரை இவை ஒவ்வொன்றாகக் கட்சி மாறின.

பழைய நாட்களில் இந்தப் பட்டியலில் நடுவர்களும் இருந்தார்கள். அவர்களை முதலில் வெளியே எடுத்துவைத்தவர் இம்ரான் கான். 1986 நவம்பரில் லாகூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டுக்கு இந்தியாவிலிருந்து வி.கே.ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் போய் நின்றார்கள். பிறகு 1994இல் ஒருவர் வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்று விதி வந்தது, 2002இல் இருவருமே. உள்ளூர் நடுவர் என்றாலே ஒருதலைப்பட்சம் என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்ட வேண்டும். அதே 1986இல், லாகூருக்கு இரண்டு மாதம் முன்பு, சேப்பாக்கத்தில் ஸ்கோர் சமநிலையில் இருந்தபோது கடைசி ஓவரில் மணிந்தர் சிங்குக்கு எல்பிடபிள்யூ கொடுத்து விரலை உயர்த்தியவர் இந்திய நடுவர் விக்ரம்ராஜு. டெஸ்ட் ‘டை’ ஆனது. தன் மனதுக்குப் பட்டதைக் கொடுத்த அந்த மனிதருக்கு அதற்குப் பிறகு இன்னொரு டெஸ்ட் கிடைக்கவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

ஆக, 2004இல் இந்தியாவின் கையில் நடுவர்கள் இல்லை. ஆடுகளம் இருந்தது. பந்தும் இருந்தது. எந்தப் பந்தில் ஆடுவது என்பதை ஆட்டத்தை நடத்தும் வாரியமே முடிவு செய்யலாம். ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா, இங்கிலாந்தில் டியூக்ஸ், இங்கே மீரட்டில் கையால் தைக்கப்படும் எஸ்.ஜி. அந்தப் பந்தின் தையல் நன்றாக மேலே எழும்பி நிற்கும். சுழற்பந்து வீச்சாளரின் விரலுக்கு வாகான பிடி கிடைக்கும்.

ஆடுகளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் நாக்பூரில் நடந்தது புரியும். 22 கெஜ நீளத் துண்டு நிலம் அது. மேல்மண்ணில் களிமண் அதிகம். தண்ணீர் விட்டு, ஈரம் பதமாக இருக்கும்போது ரோலர் ஓட்டி, காயவிட்டு, மறுபடி ஓட்டி இறுக்குவார்கள். புல்லின் வேர் கீழே போய் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். புல்லை ஒட்ட வழித்து, தண்ணீரையும் சில நாட்கள் முன்பே நிறுத்திவிட்டால், மண் சீக்கிரம் வெடிக்கும். பந்துவீச்சாளர்களின் ஷூ ஆணி பட்ட இடமெல்லாம் பொடிந்து பெயரும். அங்கே விழும் பந்து திரும்பும், சில நேரம் திடீரென்று எழும்பும், சில நேரம் கணுக்காலுக்குக் கீழே போகும். புல்லையும் கொஞ்சம் ஈரத்தையும் விட்டுவைத்தால் கதை வேறு. பந்தின் தையல் புல்லில் பட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகும். எழும்பும் உயரம் கூடும். சுழற்பந்து வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். எந்தக் கேப்டனும் தொடுவதற்கு முன்பே, கத்தரியும் தண்ணீர்க் குழாயும் வைத்திருப்பவர் பாதி ஆட்டத்தை எழுதிவிடுகிறார்.

இந்தியா 1987இலிருந்து 2000 வரை சொந்த மண்ணில் ஒரு டெஸ்ட் தொடரையும் இழக்கவில்லை. வழித்த ஆடுகளம், அதில் கும்ப்ளே, கூடவே இரண்டு சுழற்பந்து வீச்சாளர்கள் என்று ஒரு சூத்திரம் உருவாகியிருந்தது. ஆனால் அந்தக் காலம் தொடங்குவதற்கு முன் கடைசியாக விழுந்த அடியும் அதே மாதிரியான ஆடுகளத்தில்தான். 1987 மார்ச், பெங்களூர். சுனில் கவாஸ்கரின் கடைசி டெஸ்ட். மணிந்தர் சிங் 27 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்து பாகிஸ்தானை 116 ரன்னில் சுருட்டினார். அதே மண்ணில் பாகிஸ்தானின் இக்பால் காசிமும் தவுசீஃப் அகமதும் ஆளுக்கு 9 விக்கெட் எடுத்தார்கள். கவாஸ்கர் அந்த வெடித்த மண்ணில் எடுத்த 96 ரன்னைவிடச் சிறந்த இன்னிங்ஸை நான்காவது இன்னிங்ஸில் இந்தியர் யாரும் ஆடியதில்லை என்பது என் துணிபு. ஆனாலும் இந்தியா 16 ரன்னில் தோற்றது.

அந்தத் தோல்வி ஒரு பாடத்தை வைத்துவிட்டுப் போனது. நம் வயலில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று நமக்குத் தெரிந்திருப்பதுதான் பலம். வயல் சேறாக இருப்பது பலம் அல்ல. 1998இல் ஷேன் வார்ன் வருவதற்கு முன் டெண்டுல்கர் செய்ததைப் பாருங்கள். சென்னையில் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை அழைத்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே பொடிந்த மண்ணில் பந்தைக் குத்தி வீசச் சொல்லி, மணிக்கணக்கில் ஆடிப் பழகினார். சேப்பாக்கத்தில் முதல் இன்னிங்ஸில் வார்னிடம் 4 ரன்னில் விழுந்தார். இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 155. வார்ன் அந்தப் பொடிமண்ணைத் தேடிப் பந்தைப் போடப் போட, டெண்டுல்கர் அதை மிட்விக்கெட் பக்கம் தூக்கி அடித்துக்கொண்டே இருந்தார்.

*

2004இல் ஆஸ்திரேலியர்கள் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். இதைத்தான் நம் ஊரில் எழுதப்பட்ட கதைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

2001இல் அவர்கள் தங்கள் ஊரில் எப்படி ஆடுவார்களோ அப்படியே இங்கேயும் ஆடினார்கள். ஸ்லிப்பில் ஆட்களை நிறைத்து, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வீசி, மட்டையின் விளிம்பைத் தேடினார்கள். பந்து எழும்பாத மண்ணில் விளிம்பு பட்டாலும் ஸ்லிப் வரைக்கும் போய்ச் சேராது. நடுவே இருந்த இடைவெளிகளில் லக்ஷ்மணும் திராவிடும் பவுண்டரி அடித்தார்கள். 2004இல் மெக்ராத், கில்லெஸ்பி, காஸ்ப்ரோவிச் மூவரும் பந்தை ஸ்டம்புக்கே வீசினார்கள். ஸ்லிப்பில் ஆளைக் குறைத்து மிட்விக்கெட்டில் நிறுத்தினார்கள். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே எல்லைக் கோட்டில் காவல் போட்டார்கள். ரன் வராமல் அடைத்துவைத்து, பொறுமை இழந்த ஆட்டக்காரர் தானாகவே கொண்டுவந்து கொடுக்கும் வரை காத்திருந்தார்கள். உலகின் முதல் அணி, இந்த மண்ணுக்காகத் தன் குணத்தையே மாற்றிக்கொண்டது. அதைச் செய்ய ஒரு பணிவு வேண்டும்.

பெங்களூரில் ஆடுகளம் வழக்கமான பெங்களூர் ஆடுகளம். யாரும் குறை சொல்லவில்லை. ஹர்பஜன் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட் எடுத்தார். தோற்றது இந்தியா, 217 ரன் வித்தியாசத்தில். 23 வயது மைக்கேல் கிளார்க் முதல் டெஸ்டிலேயே 151 ரன். சுழற்பந்தைக் கிரீஸில் நின்று எதிர்கொள்ளாமல், காலை முன்னே கொண்டுபோய்ப் பந்து திரும்பும் முன்பே அடித்தார். சதத்தை நெருங்கியபோது ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, தன் நாட்டின் பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்த ரன்களை எடுத்தது பலருக்கு நினைவிருக்கும். இந்தியா எடுத்தது 246, 239.

*

அக்டோபர் 14, சேப்பாக்கம்.

சென்னையில் டெஸ்ட் என்றால் பொங்கல் என்று ஒரு வழக்கம் இருந்தது. 60களிலிருந்து 80கள் வரை பெரும்பாலும் ஜனவரி நடுவில்தான் ஆட்டம் வரும். 1975இல் விஸ்வநாத்தின் ஆட்டமிழக்காத 97, 1988இல் ஹிர்வானியின் 16 விக்கெட் எல்லாம் பொங்கலை ஒட்டி நடந்தவை. காரணம் பண்டிகை மட்டும் அல்ல. அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். டிசம்பர் வரை நம்ப முடியாது. தை பிறந்தால் வானம் தெளிந்துவிடும். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த இந்தக் கணக்கை, எல்லா மைதானங்களுக்கும் ஆட்டத்தைச் சுழற்றிக் கொடுக்கும் வாரியத்தின் அட்டவணை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 2004இல் ஆட்டம் அக்டோபர் 14 முதல் 18 வரை என்று விழுந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இலங்கை வந்தபோது முதல் மூன்று நாளும் மழையில் போயின.

ஆட்டம் என்னவோ அற்புதமாக நடந்தது. ஆஸ்திரேலியா விக்கெட் இழப்பின்றி 136 வரை போய், பிறகு கும்ப்ளேயிடம் சரிந்து 235க்கு ஆல் அவுட். கும்ப்ளே 48 ரன்னுக்கு 7. சேவாக் 155 அடித்தார். வார்ன் 125 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அதில் இர்ஃபான் பதானின் விக்கெட்டோடு முத்தையா முரளிதரனின் 532 விக்கெட் சாதனையைத் தாண்டினார். அப்போது முரளிதரன் காயத்தால் ஆடாமல் இருந்தார். இந்தியா 376. முன்னிலை 141.

மூன்றாம் நாள் மாலை ஆஸ்திரேலியா நான்கு விக்கெட்டை இழந்து நின்றபோது, நைட்வாட்ச்மேனாக வந்தார் கில்லெஸ்பி. வேகப்பந்து வீச்சாளர், உயரமானவர், சுழற்பந்தைச் சமாளிக்கும் ஆட்டக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. மறுநாள் காலை அமர்வு முழுவதும் அவர் அவுட் ஆகவில்லை. முன்காலை நீட்டி, மட்டையையும் கால்காப்பையும் ஒட்டவைத்து, கும்ப்ளேயையும் ஹர்பஜனையும் தடுத்துத் தடுத்துத் தடுத்தே பொழுதை ஓட்டினார். அவர் எடுத்தது 26 ரன்தான். ஆனால் மறுமுனையில் டேமியன் மார்ட்டின் இருந்தார். இருவரும் சேர்த்தது 139. மார்ட்டின் 104. மட்டையைத் தளர்வாகப் பிடித்து, பந்து வரும் வரை காத்திருந்து, கடைசிக் கணத்தில் திருப்பிவிடும் ஆட்டம் அவருடையது. கும்ப்ளே அந்த இன்னிங்ஸிலும் 6 விக்கெட் எடுத்தும், ஆஸ்திரேலியா 369 வரை போய்விட்டது.

இலக்கு 229. நான்காம் நாள் ஆட்டம் முடிந்தபோது இந்தியா விக்கெட் இழப்பின்றி 19. சேவாக் 12, யுவராஜ் 7. பத்து விக்கெட் கையில், ஒரு முழு நாள் பாக்கி, வேண்டியது 210 ரன். எதிரே ஐந்தாம் நாள் மண்ணில் வார்ன். அப்படியொரு நாளுக்காகத்தான் டெஸ்ட் கிரிக்கெட்டை விரும்புகிறவர்கள் காத்திருக்கிறோம்.

மறுநாள் மழை. ஒரு பந்துகூட வீசப்படவில்லை.

இந்தியா வென்றிருக்கும் என்று நம்மவர்கள் இன்றும் சொல்வார்கள். வார்ன் விட்டிருக்க மாட்டார் என்று அவர்கள் சொல்வார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. சந்தேகமே இல்லாதது, அந்த மழை எதிர்பாராத மழை அல்ல என்பதுதான். சென்னையில் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் மழை வரும் என்பதை அறிய வானிலை ஆய்வு மையம் தேவையில்லை. சொந்த ஊர் வானத்தை அறிந்திருப்பதும் சொந்த மண்ணின் பலம்தானே? அந்தப் பலத்தை இந்திய வாரியமே தூக்கி எறிந்தது. 1-1 என்று சமனாகியிருக்கக்கூடிய தொடர், 1-0 என்று நாக்பூருக்குப் போனது.

*

நாக்பூரின் சிவில் லைன்ஸ் பகுதியில் இருந்த பழைய விதர்பா கிரிக்கெட் சங்க மைதானத்தில் ஆட்டம் அக்டோபர் 26இல் தொடக்கம். பயிற்சிக்குப் போன இந்திய ஆட்டக்காரர்கள் ஆடுகளத்தைப் பார்த்தார்கள். பச்சைப் பசேலென்று புல். பக்கத்து மைதானத்துக்கும் ஆடுகளத்துக்கும் வித்தியாசம் தேட வேண்டியிருந்தது. கரிசல் மண்ணுக்குப் பேர்போன ஊரில், கும்ப்ளேயின் அணிக்குக் கிடைத்தது பெர்த்தையும் பிரிஸ்பேனையும் நினைவூட்டும் தரை. புல்லை வழித்துவிடும்படி இந்திய அணி கேட்டது, சங்கம் இசையவில்லை என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின.

இதற்கு அரசியல் காரணம் சொன்னவர்கள் நிறைய. செப்டம்பர் இறுதியில் கிரிக்கெட் வாரியத் தலைவர் தேர்தல் நடந்து, சரத் பவார் ஒற்றை வாக்கில் தோற்றிருந்தார். விதர்பா சங்கம் பவார் பக்கம் நின்ற சங்கம். அந்தத் தேர்தலையும் இந்தப் புல்லையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். அந்த முடிச்சுக்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. வரலாறு என்று எழுதும்போது ஆதாரமில்லாத வதந்தியை உள்ளே விட முடியாது. ஆனால் ஒரு விஷயம் வெளிப்படை. ஆடுகளம் இந்திய அணிக்குச் சொந்தமானது அல்ல. அது அந்தந்த மாநிலச் சங்கத்துக்குச் சொந்தம். கேப்டன் கேட்கலாம், கொடுப்பது அவர்கள் விருப்பம்.

ஆட்டத்தன்று காலை டாஸுக்கு வந்தவர் கேப்டன் கங்குலி இல்லை, திராவிட். கங்குலிக்குக் காயம் என்றார்கள். ஹர்பஜனுக்கு உடல்நலமில்லை. ஹர்பஜன் இடத்தில் முரளி கார்த்திக் வந்தார். சென்னையில் பிறந்து ரயில்வேஸுக்காக ஆடிய இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். முழங்கை வலியால் முதல் இரண்டு ஆட்டங்களில் இல்லாத டெண்டுல்கர் திரும்பியிருந்தார். மெக்ராத்துக்கு அது 100வது டெஸ்ட். அவருக்கு இதைவிடப் பொருத்தமான பரிசை ஆஸ்திரேலியாவிலேயே யாரும் கொடுத்திருக்க முடியாது.

நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். விரித்துச் சொல்ல எனக்கும் மனமில்லை. ஆஸ்திரேலியா 398. இந்தியா 185. ஃபாலோ-ஆன் கொடுக்கும் வாய்ப்பிருந்தும் கில்கிறிஸ்ட் கொடுக்கவில்லை. மீண்டும் ஆடி 5 விக்கெட்டுக்கு 329இல் டிக்ளேர் செய்தார். இலக்கு 543. இந்தியா 200. வித்தியாசம் 342 ரன். கில்லெஸ்பி 56 ரன்னுக்கு 5, பிறகு 24 ரன்னுக்கு 4. டெண்டுல்கர் 8, 2. நான்கே நாளில், 35 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை இந்தத் தொடரை நாம் நினைவுகூரும்போதெல்லாம் புல்தான் முதலில் வருகிறது. புல் தோற்கடித்தது, சொந்தச் சங்கமே காலை வாரியது. கேட்க வசதியான கதை. நான் இதை ஏற்கவில்லை.

அந்தப் புல்லில் முதலில் ஆடியது ஆஸ்திரேலியாதான். பச்சை ஆடுகளத்தின் ஈரம் அதிகமாக இருக்கும் முதல் காலையில், மட்டை பிடித்தவர்கள் அவர்கள். அதைப் பயன்படுத்த இந்தியாவிடம் இருந்த வேகப்பந்து வீச்சாளர்கள் ஜாகீர் கானும் அகர்கரும் மட்டுமே. அந்த மண்ணில் மார்ட்டின் 114, பிறகு 97. கிளார்க் 91, பிறகு 73. கேட்டிச் 99. சென்னையில் கும்ப்ளேயை எதிர்த்துச் சதம் அடித்த அதே மார்ட்டின், பத்து நாள் கழித்து நேரெதிரான தரையில் இன்னொரு சதம் அடித்தார். இதைப் புல் செய்யவில்லை.

இந்தத் தொடரின் முன் அத்தியாயம் ஒன்றில் 1956 ஓல்ட் டிராஃபோர்ட் டெஸ்டைப் பார்த்தோம். அங்கே ஜிம் லேக்கர் 19 விக்கெட் எடுத்தார். ஆடுகளத்தை இங்கிலாந்துக்குத் தோதாக வழித்தார்கள் என்று ஆஸ்திரேலியர்கள் அன்று கொதித்தார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் மறுமுனையில் அதே தரையில் டோனி லாக் வீசினார். அவர் சாதாரணச் சுழற்பந்து வீச்சாளர் அல்ல. 69 ஓவர் வீசி அவர் எடுத்தது ஒரே ஒரு விக்கெட். தரை ஒன்றுதான், எதிரணி ஒன்றுதான். ஒருவருக்கு 19, ஒருவருக்கு 1. லாக் ஆத்திரத்தில் வேகம் கூட்டக் கூட்ட, லேக்கர் ஒரே இடத்தில் பந்தை இறக்கிக்கொண்டிருந்தார். நாக்பூரிலும் கில்லெஸ்பி அதைத்தான் செய்தார். புல் இருக்கிறதே என்று எகிறவிடவில்லை. பெங்களூரில் போட்ட அதே ஸ்டம்பு நோக்கிய பந்து, அதே நீளம். புல் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

இந்திய இன்னிங்ஸ்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: பெங்களூரில் 246, 239. சென்னையில் 376. நாக்பூரில் 185, 200. சேப்பாக்கத்தைத் தவிர ஓரிடத்திலும் 250 இல்லை. சுழலும் மண்ணில் இல்லை, பச்சை மண்ணில் இல்லை. தொடர் கைநழுவத் தொடங்கியது பெங்களூரின் நல்ல ஆடுகளத்தில். நாக்பூரில் அது முடிந்தது.

*

நாக்பூர் ஆட்டம் முடிந்தது அக்டோபர் 29. மும்பை ஆட்டம் தொடங்கியது நவம்பர் 3. இடையில் நான்கு நாள். வான்கடேயில் புல்லின் சுவடே இல்லை.

பாண்டிங் திரும்பியிருந்தார். வார்ன் பயிற்சியில் கட்டைவிரலை முறித்துக்கொண்டு வெளியேறினார். அவர் இடத்தில் நேதன் ஹாரிட்ஸ். இந்தியாவுக்கு இரண்டு புதுமுகங்கள்: தொடக்க ஆட்டக்காரர் கவுதம் கம்பீர், விக்கெட் கீப்பராகச் சென்னையின் தினேஷ் கார்த்திக். முதல் நாள் மழை. 11 ஓவர்தான் ஆட முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் ஏறத்தாழ 40 விக்கெட் விழுந்தன.

இந்தியா 104. கடைசி வரை நின்ற திராவிட் 31. ஆஸ்திரேலியா 203. மூன்றாம் நாள் இந்தியா இரண்டாவது இன்னிங்ஸில் நிமிர்ந்தது. லக்ஷ்மண் 69, டெண்டுல்கர் 55. தொடர் முழுக்க ஒளிந்துகொண்டிருந்த ஆட்டம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. சரி, நல்ல முன்னிலை கிடைக்கும் என்ற நிலையில், பாண்டிங் பந்தைக் கிளார்க் கையில் கொடுத்தார். மட்டையாளர் கிளார்க். எப்போதாவது இடக்கையால் மெதுவாகச் சுழற்றுவார். வலைப்பயிற்சியில்கூட அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 6.2 ஓவர், 9 ரன், 6 விக்கெட். அவர் செய்தது ஒன்றுதான்: பந்தை ஸ்டம்பு நேராகப் போட்டார். ஒரு பந்து திரும்பியது, அடுத்தது நேரே வந்தது. எது எப்படி வரும் என்று அவருக்கே தெரியாதபோது ஆடுகிறவருக்கு எப்படித் தெரியும்? இந்தியா 205. தன் டெஸ்ட் வாழ்வில் கிளார்க் அதைவிடச் சிறப்பாக ஒருபோதும் வீசவில்லை.

வார்ன் இருந்திருந்தால் என்று அன்று எல்லோரும் கேட்டார்கள். அதைவிட முக்கியமான கேள்வி: இந்த ஆடுகளத்துக்கு வார்ன் எதற்கு? தரமான சுழற்பந்துக்கும் பகுதி நேரச் சுழற்பந்துக்கும் இடையே உள்ள தூரத்தை அந்த மண் அழித்துவிட்டது. கும்ப்ளேயும் ஹர்பஜனும் வைத்திருந்த பல ஆண்டு வித்தை, அங்கே கிளார்க்கின் ஆறு ஓவருக்குச் சமமாகிவிட்டது. உள்ளூர் அணி தன்னிடம் உள்ள உயர்ந்த சரக்கைத் தானே மலிவாக்கிக்கொண்டது. 1987 பெங்களூரில் நடந்ததும் இதுதான்.

இலக்கு 107. ஆஸ்திரேலியா 93. ஹர்பஜன் 29 ரன்னுக்கு 5, முரளி கார்த்திக் 3. இந்தியா 13 ரன்னில் வென்றது. ஆட்ட நாயகன் முரளி கார்த்திக், மொத்தம் 7 விக்கெட். அவருடைய டெஸ்ட் வாழ்வின் உச்சம் அதுதான்; அதன்பின் அவருக்கு வாய்ப்புகள் அதிகம் வரவில்லை. டெஸ்ட் ஆட லாயக்கில்லாத ஆடுகளம் என்று பாண்டிங் கடுமையாகச் சாடினார். தோற்ற கேப்டனின் புலம்பல் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. நாக்பூர்ப் புல்லை எதிர்த்துக் குரல் கொடுத்த இந்தியப் பத்திரிகைகள் மும்பைப் புழுதியைப் பற்றிப் பேசும்போது குரலைத் தணித்துக்கொண்டன. அதை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். நாக்பூரிலாவது ஆட்டம் நான்கு நாள் நடந்தது. சதம் அடித்தவரும் சதத்துக்கு அருகே வந்தவர்களும் அந்தத் தரையில் இருந்தார்கள்.

தொடர் 2-1 என்று ஆஸ்திரேலியாவுக்குப் போனது. தொடர் நாயகன் விருது 444 ரன் எடுத்த மார்ட்டினுக்கு. 20 விக்கெட் எடுத்த கில்லெஸ்பிக்குக் கொடுத்திருந்தாலும் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நானாக இருந்தால் அவருக்கே கொடுத்திருப்பேன், சேப்பாக்கத்து 26 ரன்னையும் சேர்த்து. பிறகு 2008, 2010, 2013, 2017, 2023 என்று ஐந்து முறை ஆஸ்திரேலியா இங்கே டெஸ்ட் தொடர் ஆட வந்தது. ஒன்றிலும் வெல்லவில்லை. 2017 பூனாவில் ஒரு பொடிமண் ஆடுகளம் கிடைத்தது. அங்கே ஸ்டீவ் ஓ’கீஃப் 70 ரன்னுக்கு 12 விக்கெட் எடுத்து 333 ரன் வித்தியாசத்தில் வெல்ல வைத்தார். அவருக்கு அப்போது சுழற்பந்து ஆலோசகராக இருந்தவர் தமிழ்நாட்டு வீரர் ஸ்ரீதரன் ஸ்ரீராம்.

அடுத்த இதழில்: 2012 நவம்பர், மறுபடியும் வான்கடே. முதல் நாளிலிருந்தே பந்து திரும்ப வேண்டும் என்று தோனி கேட்டார், கேட்டது கிடைத்தது. இங்கிலாந்தின் பனேசரும் ஸ்வானும் சேர்ந்து 19 விக்கெட் எடுத்தார்கள். கெவின் பீட்டர்சன் 186 அடித்தார்.